வளர்த்த காது

மதுரையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஜெராக்ஸ் கடைக்கும் ஹோமியோபதி மருந்துக்கடைக்கும் நடுவில் சின்னதாக ஓர் அழகு நிலையம் இருக்கிறது. 'தையல் இல்லாமல் காது ஓட்டை அடைக்கப்படும்' என்று வாசலில் பலகை. போன ஆடி மாதம் அத்தையை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அத்தைக்கு 80 வயது. 60 ஆண்டுகளாக ஜிமிக்கி தொங்கித் தொங்கி இடது காதுத் துளை கீறலாகவே இறங்கிவிட்டது. மாட்டல் போட்டுப் பாரத்தைத் தலைமுடியில் ஏற்றிப் பார்த்தாள். முடியும் இப்போது பாரம் தாங்குகிற நிலையில் இல்லை.

கடையில் இருந்த பெண்ணுக்கு 22, 23 வயது இருக்கும். அவளுடைய ஒரு காதில் மட்டும் அடியிலிருந்து உச்சிவரை ஐந்து பொட்டுகள் மின்னின. அத்தையின் காதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவள் நிறுத்திக்கொண்டாள். "பாட்டி, இங்கே ஏற்கெனவே தையல் போட்டிருக்கிறதே. திருடன் அறுத்துவிட்டானா?"

"இல்லை தாயி, டாக்டர் அறுத்தது. வளர்த்த காது."

"காது தானாக வளர்ந்துவிட்டதா பாட்டி?"

அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. மூன்று தலைமுறைக்கு முன் அவளுடைய கொள்ளுப்பாட்டியும் பெரும்பாலும் அப்படித்தான் இருந்திருப்பாள். ஆனால் வழக்கம் போனதும் சொல்லும் கூடவே போய்விட்டது. காதை வளர்த்தல் என்றால் நகத்தை வளர்ப்பதுபோல விட்டுவைப்பது என்று அவள் எடுத்துக்கொண்டாள். உண்மையில் அது ஒரு பயிர். நாள்தோறும் பார்த்துப் பார்த்துச் செய்கிற வேலை.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்குப் பக்கம். அப்பத்தாவுக்குத் தோளைத் தொடும் காதுகள். நான் பார்த்தபோது அவை வெறும் காதுகள்தான். அதில் கிடந்த பாம்படம் ஒரு வறட்சி ஆண்டில் அடகுக்குப் போய்த் திரும்பவில்லை. இரண்டு பக்கமும் ரப்பர் வளையம்போலத் தொங்கும் சதை. அதற்குள் என் கையை மணிக்கட்டு வரை விட்டு விளையாடுவேன். வெற்றிலை மெல்லும்போது காது ஆடும். அடுப்பை ஊதக் குனியும்போது ஒரு கையால் இரண்டையும் ஒதுக்கிக்கொள்வாள், நாம் விழுகிற முடியை ஒதுக்குவதுபோல. மழைக்காலத்தில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தடவுவாள். நகை போன பிறகும் அந்தப் பராமரிப்பு நிற்கவில்லை.

அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிள்ளை பிறந்த சில நாளிலேயே காதைக் கத்தியால் கீறிவிடுவார்கள், ஊசியால் குத்துவதில்லை. புண் ஆறுவதற்குள் பஞ்சைத் திரித்துச் செருகுவார்கள். அடுத்த வாரம் கொஞ்சம் பெரிய திரி. பிறகு பனை ஓலையைச் சுருட்டிச் செருகுவார்கள். சுருள் விரியப் பார்க்கும், விரிகிற வேகத்தில் துளையும் விரியும். அதற்கும் பிறகுதான் குணுக்கு. ஈயத்திலோ பித்தளையிலோ செய்த சிறு வளையம், பாரத்துக்காக மட்டுமே மாட்டுவது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போவார்கள். அவசரப்பட்டால் அறுந்துவிடும். அறுந்த காதுடைய பெண் ஊருக்குள் காலம் முழுவதும் பேச்சுக் கேட்க வேண்டும். எட்டுப் பத்து வயதில் காது தோளைத் தொட்டுவிட்டால் தாயின் கைராசியைப் புகழ்வார்கள்.

அப்படி வளர்ந்த காதில் ஏறியவை பெரிய பட்டியல்: பாம்படம், தண்டட்டி, முடிச்சு, பூச்சிக்கூடு, நாகவடம், மேல்காதில் கொப்பு, முருகு. மதுரை, தேனிப் பக்கம் தண்டட்டி அதிகம்; விருதுநகர், திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கம் பாம்படம். பாம்படத்தை நீங்கள் படத்திலாவது பார்த்திருந்தால் அதன் வடிவத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கனசதுரம், உருண்டை, கூர்முனை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். பூ, இலை, மயில் எதுவும் கிடையாது. ஐரோப்பாவில் ஓவியர்கள் உருவங்களைச் சதுரமும் முக்கோணமுமாக உடைத்துப் பார்க்கத் தொடங்குவதற்கு முன்பே எங்கள் கரிசல்காட்டுக் கிழவிகள் அந்தக் கலையைக் காதில் மாட்டிக்கொண்டு பருத்தி எடுத்திருக்கிறார்கள்.

இதை நாட்டுப்புறத்துக் கோமாளித்தனம் என்று நினைப்பவர்களுக்குப் பொருநராற்றுப்படையைக் காட்ட வேண்டும். முடத்தாமக்கண்ணியார் கரிகாற்சோழன்மேல் பாடியது. அதில் பாடினி ஒருத்தியைத் தலையிலிருந்து அடிவரை வருணித்துக்கொண்டு வருகிறார். காதுக்கு வரும்போது, 'மயிர்குறை கருவி மாண்கடை அன்ன, பூங்குழை ஊசல் பொறைசால் காதின்' என்கிறார். மயிர் வெட்டுகிற கத்தரிக்கோலின் கைப்பிடி வளையம் போன்ற காது. ஊசலாடும் குழையின் பாரத்தைப் பொறுக்க வல்ல காது. கல்லூரியில் எங்கள் ஆசிரியர் இந்த அடியை அவசரமாகத் தாண்டிப் போனார், ஏதோ விசித்திரமான உவமை என்பதுபோல. எனக்கு மட்டும் அது விசித்திரமாகப் படவில்லை. அப்பத்தாவின் காதைப் பக்கவாட்டில் பார்த்தவர்கள் வேறு எந்த உவமையையும் தேட மாட்டார்கள். நீண்ட, மெலிந்த, உள்ளே வெற்றிடமான வளையம். 2,000 ஆண்டுக்கு முந்தைய புலவர் கடை வீதியில் நின்று கண்ணால் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

சிவனுக்கும் அதே காதுதான். சம்பந்தர் தேவாரத்தைத் தொடங்குவதே 'தோடுடைய செவியன்' என்றுதான். சோழர் காலத்து நடராசர் செப்புத்திருமேனிகளை அடுத்த முறை பார்க்கும்போது முகத்தை விட்டுக் காதைப் பாருங்கள். ஒரு காதில் ஆணின் மகரக் குழை, மறு காதில் பெண்ணின் தோடு. தோடு என்பது ஆதியில் சுருட்டிச் செருகிய ஓலைதான். காவிரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று ஆற்றுக்குக் காதோலையும் கருகமணியும் விடுகிறார்களே, அந்த ஓலையைக் காதில் போட்டுக்கொள்ளும் பெண் யாரும் இன்று இல்லை. ஆறு மட்டும்தான் இன்னும் பழைய நாகரிகத்தில் இருக்கிறது.

அழகுக்குச் சொல்லப்பட்ட எதிர்ச்சொல் எங்கள் பக்கம் அசிங்கம் அல்ல, மூளி. காதில் ஒன்றும் இல்லாதவள் மூளி. மூக்கும் உதடும் நிறமும் பிறகுதான். கிணற்றடியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டால் கண் முதலில் போவது காதுக்குத்தான் என்பாள் அப்பத்தா. அதில் பாதி அழகு, பாதி கணக்கு. நிலம் ஆணின் பேரில் இருக்கும், வீடு ஆணின் பேரில் இருக்கும். பெண்ணின் பேரில் இருந்தது அவள் காதில் கிடந்ததுதான். காது எவ்வளவு பாரம் தாங்குமோ அவ்வளவு சேமிப்பு. இதைத் தெரிந்துகொண்டதால் திருடர்களும் காதையே குறிவைத்தார்கள். ஒற்றையடிப் பாதையில் காதோடு சேர்த்து அறுத்துக்கொண்டு போன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

வெளியூர்க்காரர்களின் கண்ணுக்கு இது வேறாகத் தெரிந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906இல் தென்னிந்திய வழக்கங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதில் நம் காதுகள் உடலைக் கோணலாக்குவதையும் சிதைப்பதையும் பற்றிய அத்தியாயத்தில் இருக்கின்றன. அதே ஆண்டுகளில் லண்டனில் சீமாட்டிகள் எஃகுக் கம்பியும் திமிங்கில எலும்பும் வைத்துத் தைத்த கச்சையால் இடுப்பை இறுக்கி, மார்பு முன்னாலும் புட்டம் பின்னாலும் தள்ளி நிற்க நடந்துகொண்டிருந்தார்கள். அதற்கு வேறு அத்தியாயம் போலும்.

எங்கள் வீட்டில் காது விழுந்தது 1963இல். தர்ஸ்டனைப் படித்துவிட்டு அல்ல, ஒரு பள்ளிக்கூட வாத்தியாரால்.

அத்தைக்கு அப்போது 18 வயது. காது தோளைத் தொட்டிருந்தது. அப்பத்தா ஒரு நாள்கூடத் தவறாமல் வளர்த்த காது. மாப்பிள்ளை ஆசிரியர் பயிற்சி முடித்துத் திண்டுக்கல் பக்கம் வேலையில் இருந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் நிலம் கேட்கவில்லை, பவுன் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை. காதைத் தைத்துக் கொடுங்கள், உத்தியோகக்காரன் பெண்டாட்டி தொள்ளைக் காதோடு போய் நின்றால் கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள் என்றார்கள். அத்தையின் நிறத்தைப் பற்றியும் ஏதாவது பேசியிருக்கலாம், வீட்டில் யாருக்கும் அது நினைவில் இல்லை. காதுதான் நினைவில் நின்றது.

அப்பத்தா இரண்டு நாள் சோறு தின்னவில்லையாம். மூளிக் காதோடு பெண்ணை எப்படி அனுப்புவேன் என்பதுதான் அவள் புலம்பல். தாத்தா யோசித்தார். அரசாங்கச் சம்பளம், ஓய்வூதியம், மழையை நம்பாத பிழைப்பு. தை மாதம் அத்தையை மதுரைக்குப் பஸ் ஏற்றினார்கள்.

மரத்துப்போக ஊசி போட்டு, தொங்கிய சதையை நறுக்கி, இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார்கள். அத்தைக்கு வலி நினைவில் இல்லை. கத்தரிக்கோலின் சத்தம் நினைவிருக்கிறது. காதுக்குப் பக்கத்திலேயே வெட்டினால் சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாழ்நாளில் அவ்வளவு பெரிய சத்தத்தை அதற்குப் பிறகு கேட்டதில்லை என்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் கை தன்னால் காதுக்குப் போகிறது.

அதற்குப் பின்னால் வந்ததுதான் கொடுமை. தைத்த இடத்தில் உடனே குத்த முடியாது. புண் ஆற வேண்டும், தழும்பு இறுக வேண்டும். கல்யாணம் வைகாசியில். நடுவில் மூன்று மாதத்துக்கு மேல் அத்தைக்குக் காதில் ஒன்றுமே இல்லை. பழைய கணக்கில் மூளி. புதிய கணக்கில் இன்னும் தேறவில்லை. பகலில் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. விடிவதற்கு முன் முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டு தண்ணீருக்குப் போய்வருவாளாம். பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி வேலி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஆம்பளைப் பிள்ளை மாதிரி இருக்கிறாயே தாயி" என்று அழுதாளாம். சித்திரையில்தான் புதிதாகத் துளை போட்டார்கள். இந்த முறை ஊசியால், பட்டாணி அளவுகூட இல்லாத துளை.

அந்தத் துளையில் அத்தையின் பாம்படம் நுழையாது. உருக்கித்தான் ஆக வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். 1963 ஜனவரியில், அத்தை ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அதே மாதத்தில், மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது. நாடு முழுவதும் ஆசாரிகள் பட்டறையை மூடிவிட்டுத் தெருவில் நின்றார்கள், தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. எங்கள் ஊர் ஆசாரி ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு வேலையை முடித்துக் கொடுத்தார். பாம்படத்துக்குள் இருப்பது அரக்கு. அதன்மேல்தான் பொன் தகடு. தணலில் வைத்ததும் அரக்கு இளகி ஒழுக, வீடு முழுவதும் கோயில் தீவட்டிபோல ஒரு வாசனை பரவியதாம். எட்டுப் பவுன் என்று ஊர் பேசிய பொருளில் ஐந்துகூடத் தேறவில்லை. அப்பத்தாவுக்கு இது முன்பே தெரியும். செய்யக் கொடுத்தவளே அவள்தான். ஊர்க் கண்ணுக்கு எட்டுப் பவுன், தூக்குகிற காதுக்கு ஐந்து பவுன் என்பது பாம்படத்தின் சூட்சுமம். அதிலிருந்து ஒரு சங்கிலியும் ஒரு சோடி ஜிமிக்கியும் வந்தன. அந்த ஜிமிக்கிதான் இப்போது இடது காதைக் கிழித்துக்கொண்டிருப்பது.

கைக்குழந்தையின் காதில் கத்தி வைப்பதை நான் ஆதரிக்கப் போவதில்லை. பத்து வருடம் ஈயத்தைத் தொங்கவிட்டு வளர்த்ததைப் பாரம்பரியம் என்று சொல்லிக் கண்ணீர் விடுபவர்களின் காதெல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அறுத்தது விடுதலை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. அப்பத்தாவின் காதுக்கு மார்க் போட்டவர்கள் கிணற்றடியில் நின்ற பெண்கள். பொறாமைப்பட்டவர்களும் அவர்கள், எவ்வளவு பெறும் என்று கணக்குப் போட்டவர்களும் அவர்கள். அத்தையின் காதுக்கு மார்க் போட்டது அவள் பார்த்தே இராத ஒரு திண்டுக்கல் ஆசிரியர் அறை. அங்கே இருந்த நாலைந்து ஆண்கள் சிரிக்கக் கூடும் என்ற ஊகத்தில் ஒரு பெண்ணின் சதை குறைந்தது. அவர்கள் நிஜமாகச் சிரித்திருப்பார்களா என்று யாரும் போய்க் கேட்கவில்லை. மாமா நல்ல மனிதர்தான். கடைசிவரை அத்தையை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. பின்னாளில் அவரே, வளர்த்த காது உனக்கு எடுப்பாகத்தான் இருந்தது என்று சொல்லியிருக்கிறார். அத்தை அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

1998இல் என் முறை வந்தபோது காதை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நிறத்தைப் பார்த்தார்கள். 'பெண் மாநிறம்' என்று தரகர் சொன்ன தொனியில் ஒரு மன்னிப்பு இருந்தது. 1975இல் கடைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி அதற்குள் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடை வரை வந்து சிறு பொட்டலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் வாங்கிப் பூசினேன், ஏன் மறைக்க வேண்டும். 2020இல் அதன் பெயரிலிருந்து வெள்ளையை எடுத்துவிட்டு 'க்ளோ' போட்டார்கள். குறுந்தொகையில் வெள்ளிவீதியார் தன் 'மாமைக் கவினை'ப் பசலை தின்றுவிடுகிறதே என்று புலம்புகிறாள். வெளிறிப்போவது அவளுக்கு நோய்; கறுத்த மாந்தளிர் மேனிதான் அழகு. காசு கொடுத்துப் பசலையை வரவழைத்துக்கொள்கிற பெண்ணைக் கண்டால் அவள் என்ன பாடியிருப்பாளோ.

அழகு நிலையத்துப் பெண் சொன்னதை அத்தை கவனமாகக் கேட்டுக்கொண்டாள். துளையின் ஓரத்தில் ஒரு திரவத்தைத் தொட்டு வைப்பார்களாம், கொஞ்சம் எரியும், ஒட்டுப் போட்டு அனுப்புவார்கள். நாலைந்து தடவை வர வேண்டும். அதன் பிறகு சில மாதம் எதையும் மாட்டக் கூடாது. "அதுவரை வெறும் காதாக இருக்க வேண்டும் பாட்டி, பரவாயில்லையா?" என்று அவள் கேட்டாள். அத்தை என்னைப் பார்த்தாள். இன்னொரு நாள் வருகிறோம் என்று எழுந்துவிட்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி, அந்தப் பெண்ணின் ஐந்து பொட்டுகளையும் சுட்டிக் காட்டி, "வலிக்கவில்லையா?" என்று கேட்டாள். மேலே இருப்பது மட்டும் ஒரு மாதம் சீழ் வைத்தது பாட்டி என்றாள் அவள். "எண்ணெய் தொட்டு வை" என்றாள் அத்தை.

ஆட்டோவில் வரும்போது நான் இத்தனை வருடம் கேட்காமல் விட்டதைக் கேட்டேன். நறுக்கிய சதையை என்ன செய்தார்கள்?

அப்பத்தா நர்ஸிடம் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். நர்ஸ் முதலில் தரமாட்டேன் என்றாராம், இவள் விடவில்லை. பஞ்சில் சுற்றி, மஞ்சள் வைத்து, முந்தானையில் முடிந்து, அருப்புக்கோட்டை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். தொப்புள்கொடியைப் புதைப்பதுபோலத் தொழுவத்துக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தாள். நாய் தோண்டாமல் இருக்க மேலே ஓர் உடைந்த திருகைக் கல்லை வைத்தாள்.

அந்தக் கல்லை எனக்குத் தெரியும். சின்ன வயதில் அதன்மேல் உட்கார்ந்து புளியங்காய் தின்றிருக்கிறேன். தொழுவம் இப்போது இல்லை. அந்த இடத்தில் சிமென்ட் தளம் போட்டு, சித்தப்பா மகன் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறான்.